அம்மப்பாவின் ரயில் பெட்டி ஏன் வாழைப்பழம் போல் வளைந்தது?

கேள்வி: கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த என் அம்மப்பா 1950களில் இங்கிலாந்து போய் வந்தபோது கொண்டுவந்த மின்சார விளையாட்டு ரயில் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஓர் எஞ்சின், மூன்று பயணிகள் பெட்டிகள், நாலைந்து சாமான் பெட்டிகள். அடியில் ‘ட்ரையாங்’ என்று பதித்திருக்கிறது. சீற்றுக் கூரைக்குக் கீழே பரணில் முப்பது வருடத்துக்கு மேல் கிடந்தது. இப்போது இறக்கிப் பார்த்தால் இரண்டு பயணிகள் பெட்டிகள் வாழைப்பழம் போல் வளைந்திருக்கின்றன. ஒரு சாமான் பெட்டியின் பக்கச்சுவர் உள்ளே விழுந்திருக்கிறது. கொதிதண்ணியில் போட்டெடுத்து மேலே அம்மிக்குழவியை வைத்தால் நிமிர்ந்துவிடும் என்கிறார் தம்பி. செய்யலாமா? என் மகனுக்கு ஒன்பது வயது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நிற்கிறான்.
— வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

பதில்: நல்ல காலம், கேத்தலை அடுப்பில் வைக்க முதல் எழுதினீர்கள். என்னிடம் திருத்த வரும் பழைய ரயில்களில் பரணில் கெட்டதைவிடக் குசினியில் கெட்டதுதான் கூட. தம்பியைக் குறை சொல்லவில்லை. இந்த வேலை தொடங்கிய காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். என்னுடைய சொந்தப் பெட்டி ஒன்றின் கூரை லேசாக நெளிந்திருந்தது. தலை காயவைக்கும் ஹெயார் டிரையரைக் கிட்டப் பிடித்தேன். பத்து விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பதினோராவது விநாடியில் கூரையின் விளிம்பு அப்பத்தின் கரை போலச் சுருண்டு எழும்பியது. அந்தக் கூரை இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.

உங்கள் பெட்டிகளைப் பற்றிச் சொல்வதற்கு முதல் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் ‘வளைந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் இரண்டு வேறு நோய் தெரிகிறது. சாமான் பெட்டியின் சுவர் உள்ளே விழுந்தது ஒன்று. பயணிகள் பெட்டி வாழைப்பழமானது இன்னொன்று. முதலாவதைப் பெரும்பாலும் சரிப்படுத்தலாம். இரண்டாவதில் நான் அதிகம் நம்பிக்கை தர மாட்டேன்.

காரணம் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு நத்தாருக்கு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்காக ரோவெக்ஸ் என்ற நிறுவனம் ஒரு ரயில் செட் செய்து கொடுத்தது. அடுத்த வருடமே லைன்ஸ் பிரதர்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கி, பிறகு ட்ரையாங் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 1954இல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் புதிய தொழிற்சாலைக்குப் போனார்கள். அந்த முதல் வருடங்களில் பெட்டிகளை வார்த்தது செலுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில். பிறகுதான் பொலிஸ்டைரீனுக்கு மாறினார்கள். உங்கள் அம்மப்பா எந்த வருடம் வாங்கினார் என்று தெரியாதபடியால், ஒரே செட்டுக்குள் இரண்டு வகையும் கலந்திருக்க இடமுண்டு. கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். பெயின்ற் அடித்திருந்தால் இன்னும் கஷ்டம்.

அசிடேட் பஞ்சிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் செய்யப்படுவது. அது நொறுங்காமல் இளக்கமாக இருப்பதற்காக ஓர் எண்ணெய்த்தன்மையான இரசாயனத்தைச் சேர்த்து வார்ப்பார்கள். வருடம் போகப் போக அந்த இளக்கி வெளியேறும். சூடும் ஈரமும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கே உடைந்து அசற்றிக் அமிலத்தை, அதாவது வினாகிரியில் இருக்கிற அமிலத்தை, விடத் தொடங்கும். விடுகிற அமிலம் மிச்சத்தையும் அரிக்கும். பழைய சினிமாச் சுருள்கள் புளித்த மணத்தோடு சுருங்கிப் போவதும் இதே வியாதியால்தான். காற்றில் ஈரப்பதன் எண்பது வீதத்தை ஒட்டி நிற்கிற கொழும்பில், சீற்றுக்குக் கீழே முப்பது வருடம் என்றால் அது நன்றாக வளர்ந்திருக்கும்.

வாழைப்பழ வடிவம் எங்கேயிருந்து வருகிறது? பெட்டியின் உடல் சுருங்குகிறது. அடித்தட்டு தகரமாகவோ வேறு பிளாஸ்டிக்காகவோ இருந்தால் அது சுருங்காது. இரண்டையும் இரு முனையிலும் பூட்டி வைத்திருக்கிறார்கள். கீழ் விளிம்பைத் தட்டு பிடித்துக்கொள்ள, மேலே சுருங்கினால் இரண்டு முனையும் மேலே எழும்பும்.

எனவே முதல் வேலை, தண்ணி சூடாக்குவதற்கு முதல் வேலை, மூக்கால் செய்வது. வாய் அகலமான ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, கழன்ற சிறு துண்டு ஏதாவது இருந்தால் அதை உள்ளே போட்டு மூடி, ஓரிரவு வையுங்கள். காலையில் மூடியைத் திறந்த உடனே மணந்து பாருங்கள். அச்சாற்றுப் போத்தல் திறந்த மாதிரி மூக்கில் ஏறினால் அசிடேட்தான். மணம் வராவிட்டால் பொலிஸ்டைரீன் என்று முடிவெடுக்க வேண்டாம், அசிடேட் இன்னும் கெடத் தொடங்காமலும் இருக்கலாம். (பழைய அமெரிக்கப் பெட்டி சிலவற்றில் வினாகிரிக்குப் பதிலாகப் பழுதான வெண்ணெய் போல ஒரு நாற்றம் வரும். அது அசிடேட்டின் ஒன்றுவிட்ட தம்பி, பியூட்டிரேட். அதற்கும் இதே மருந்துதான்.)

இரண்டாவது சோதனை உப்புத்தண்ணி. ஒரு கிளாஸ் தண்ணியில், இனிக் கரையாது என்று அடியில் தங்கும் வரை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். ஒரு கிளாசுக்கு எழுபது கிராம் அளவில் போகும். அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம். உடைந்த படிக்கட்டு, கழன்ற பஃபர் (பெட்டி முனையில் இடி தாங்குகிற குமிழ்), எது கிடைக்கிறதோ அதைப் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழியை ஈர்க்கால் தட்டிவிடுங்கள். பொலிஸ்டைரீன் பச்சைத்தண்ணியில் தாழும், ஆனால் இந்த உப்புத்தண்ணியில் மிதக்கும். அசிடேட் இதிலும் தாழும். துண்டு ஒன்றும் கழன்றிருக்காவிட்டால், இந்தச் சோதனைக்காக ஒன்றையும் உடைக்க வேண்டாம். கூரை தனியாகக் கழன்று வந்தால் அதையே போட்டுப் பார்த்து, உடனே நல்ல தண்ணியில் அலசித் துடைத்துவிடலாம். ஆனால் கூரையும் உடலும் ஒரே பிளாஸ்டிக் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வேறாக இருந்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது சோதனைக்கு ஒரு நூல் போதும். பக்கச்சுவரின் மேல் விளிம்போடு நூலை ஒட்டிப் பிடித்து, இரண்டு முனையிலும் பேனையால் குறியுங்கள். பிறகு கீழ் விளிம்பு. இரண்டு அளவையும் அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். 20 செ.மீ. நீளமான பெட்டி நடுவில் 3 மி.மீ. வளைந்திருக்கிறது, சுவரின் உயரம் 3 செ.மீ. என்றால், மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் மூன்றரை மி.மீ. அளவில் வித்தியாசப்படும். அதை நிமிர்த்துவது என்றால் ஒரு விளிம்பை மூன்றரை மி.மீ. இழுத்து நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் மற்றதை அவ்வளவு அமுக்கிக் குறுக்க வேண்டும். உங்கள் மகனின் பிளாஸ்டிக் அடிமட்டத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். படுக்கையாகப் பிடித்தால் இரண்டு விரலால் வளைக்கலாம். விளிம்பில் நிமிர்த்திப் பிடித்து மேலும் கீழும் வளைத்தால், வளைய முதல் முறியும். சாமான் பெட்டியின் சுவர் உள்ளே விழுந்தது படுக்கை வளைவு. பயணிகள் பெட்டி வாழைப்பழமானது நிமிர்ந்த வளைவு. அம்மிக்குழவி அதை நிமிர்த்தாது. யன்னல்களுக்கு இடையில் இருக்கிற மெல்லிய தூண்களைத்தான் முறிக்கும்.

அப்புறம் அந்த நூலை அடித்தட்டின் நீளத்தோடும் ஒப்பிடுங்கள். நீளமான விளிம்புகூடத் தட்டைவிடக் குறைவாக இருந்தால், பொருளே போய்விட்டது. போன பொருளைச் சூட்டால் வரவைக்க முடியாது.

சரி, சாமான் பெட்டிக்கு வருவோம். உப்புத்தண்ணியில் மிதந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் உடலைத் தனியாக்குங்கள். சக்கரம், கொக்கி, உள்ளே பாரத்துக்கு வைத்த இரும்புத் துண்டு எல்லாம் வெளியே. இரும்பை விட்டுவிட்டு நனைத்தால் அடுத்த நாளே துருக்கறை. பக்கத்தில் எழுத்தும் இலக்கமும் இருக்குமே, அதில் ஒரு மூலையை ஈரப்பஞ்சால் மெல்லத் தடவுங்கள். பஞ்சில் நிறம் வந்தாலோ விளிம்பு எழும்பினாலோ அங்கேயே நில்லுங்கள். எழுத்து இல்லாத நேரான பெட்டியைவிட, எழுத்தோடு கொஞ்சம் கோணின பெட்டி எனக்குப் பெரிது. அதைத் தண்ணியில் போட மாட்டேன்.

எழுத்து தாங்கினால், அச்சு செய்ய வேண்டும். அலுமினிய யன்னல் பொருத்துகிறவர்களிடம் வெட்டுமிச்சமாக ‘எல்’ வடிவச் சட்டங்கள் கிடக்கும். கேட்டால் சும்மாவே தருவார்கள். பெட்டியின் உள் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, வெட்டின முனையை அரத்தால் ராவி, உள்ளே இரண்டு சுவருக்கும் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். நடுவில் ஒரு மரத்துண்டு, இரண்டும் உள்ளே சாயாமல் இருக்க. வெளியே இன்னும் இரண்டு சட்டம். இப்போது பருத்தி நாடாவால் சுற்றிக் கட்டுங்கள். றப்பர் பாண்ட் வேண்டாம், அது விடாமல் நெரித்துக்கொண்டே இருக்கும். சூடு ஏறி பிளாஸ்டிக் இளகும்போது எவ்வளவு அமுக்குகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். கட்டும்போதே சுவரைப் பலவந்தமாக நேராக்க வேண்டாம், எவ்வளவு இயல்பாக வருகிறதோ அவ்வளவு. மீதி சூட்டுக்குப் பிறகு.

தண்ணி விஷயம். பொலிஸ்டைரீன் 100 பாகை செல்சியசை நெருங்கும்போது முழுதாக இளகும். மெல்லிய பாகங்களும், வார்த்த நாளிலிருந்து உள்ளே இறுக்கம் அடங்கிக் கிடக்கிற இடங்களும் 80ஐத் தாண்டினாலே தங்கள் பாட்டில் நெளியத் தொடங்கும். கொதிதண்ணியை நேரே ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். எங்களுக்குத் தேவை 70க்கும் 75க்கும் இடையில். சமையல் வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கணக்கு இருக்கிறது: கொழும்புக் குழாய்த்தண்ணி 28 பாகையளவில் வரும். கொதிதண்ணி ஒரு பங்கும் அது ஒரு பங்கும் கலந்தால் 64. பாத்திரம் கொஞ்சம் சூட்டை இழுப்பதால் 60ஐ ஒட்டி நிற்கும். கொதிதண்ணி இரண்டு பங்கு, குழாய்த்தண்ணி ஒரு பங்கு என்றால் 76. அதுவும் பாத்திரத்தில் விழுந்ததும் 70 சொச்சத்துக்கு இறங்கும்.

60இல் தொடங்குங்கள். கட்டின பெட்டியை மெதுவாக இறக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். ஒன்றும் நடக்கவில்லை போல இருக்கும். நடக்கவும் நடக்காது, அது பெட்டி முழுவதும் ஒரே சூட்டுக்கு வருவதற்கான நேரம். பிறகு பாத்திரத்தின் ஓரத்தால் கொதிதண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 70க்குக் கொண்டுவாருங்கள். பெட்டியின் மேலே ஊற்றாமல், ஓரத்தால். ஒரு கரண்டியின் பிடியால் சுவரைத் தொட்டுப் பார்த்தால், முதலில் டக்கென்று எதிர்த்தது இப்போது கொஞ்சம் இடம் கொடுக்கும். அந்த நேரத்தில் நாடாவை ஒரு சுற்று இறுக்குங்கள். ஒரு சுற்றுத்தான். ஐந்து நிமிடம் பொறுத்து இன்னொரு சுற்று. கை சுடாமல் இருக்கத் தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மகனைப் பக்கத்தில் நிற்க விட வேண்டாம்.

சுவர் சட்டத்தோடு ஒட்டியதும் அடுப்பு வேலை முடிந்தது. எடுத்து ஐஸ்தண்ணியில் போடாதீர்கள். அதே தண்ணியில், அதே கட்டோடு, தானாக ஆறட்டும். ஆறினபிறகும் இரவு முழுக்கக் கட்டை அவிழ்க்க வேண்டாம். அவிழ்த்ததும் சுவர் கொஞ்சம் பழைய பக்கத்துக்குத் திரும்பும். அது வழக்கம். அதற்காக, கட்டும்போதே உள் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்புக்கு மெல்லிய தகட்டை வைத்து, சுவர் வெளியே ஒரு மயிரிழை கூடத் தள்ளி நிற்கும்படி செய்தால் சரியாக வந்து நிற்கும். முதல் தடவையில் முக்கால்வாசி வந்தால் போதும். இரண்டாம் தடவையை அடுத்த கிழமை வையுங்கள்.

இனி அந்த இரண்டு பயணிகள் பெட்டி.

மூக்கும் உப்பும் அசிடேட் என்று சொன்னால், சூட்டுக்குப் போக வேண்டாம் என்பதுதான் என் பதில். சிலர் வெதுவெதுப்பான தண்ணியில் இளக்கிக் கட்டி வைத்து நிமிர்த்துவார்கள். அன்றைக்கு நேராகத்தான் இருக்கும். அசிடேட் தண்ணியைக் குடிக்கும், குடித்தால் ஊதும், காய்ந்தால் மறுபடி சுருங்கும். அதோடு சூடு, உள்ளே நடக்கிற புளிப்பை இன்னும் ஓட வைக்கும். நான் அப்படி நிமிர்த்திக் கொடுத்த ஒரு பெட்டி அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் திரும்பி வந்தது, முன்பு இருந்ததைவிட வளைவோடு. சொந்தக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. உடலையும் அடித்தட்டையும் பூட்டியிருக்கிற இரண்டு முனையில் ஒன்றை விடுவியுங்கள். திருகாணி என்றால், தட்டிலுள்ள துளையை நீளவாக்கில் 2 மி.மீ. ராவிவிடலாம். கொழுவி என்றால், ஒரு முனையைக் கொழுவாமல் இருவழி ஒட்டு நாடாவால் தொட்டும் தொடாமலும் பிடிக்க வைக்கலாம். இழுவை போனதும் சில பெட்டிகள் தாமாகவே ஒரு மி.மீ. இறங்கும். யன்னலுக்கு உள்ளே ஒட்டியிருக்கிற கண்ணாடித்தாளும் பெரும்பாலும் அசிடேட்தான். அது சுருங்கிச் சுவரை இழுத்துக்கொண்டு நிற்கும், கழற்றிவிடுங்கள். அதன் இடத்துக்குப் புதிதாகத் தெளிவான தாள் வெட்டி வைப்பது அரைமணி நேர வேலை. இவ்வளவும் செய்தும் மிஞ்சுகிற வளைவை அப்படியே விடுங்கள்.

வெடிப்பு இருந்தால், அசிடேட்டுக்குத் துளி அசிட்டோன் போதும். மெல்லிய தூரிகையால் உள்பக்கமாகத் தொட்டால் அதுவே கரைந்து ஒட்டும். பொலிஸ்டைரீனுக்கு, பிளாஸ்டிக் மொடல்கள் ஒட்டுகிற பசை. சுப்பர் குளூ யன்னலுக்குக் கிட்டப் போனால் வெள்ளையாகப் பூக்கும், கவனம். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கிற, வினாகிரி மணக்கிற சிலிக்கோனை ஒன்றுக்கும் பாவிக்காதீர்கள். காயும்போது அது விடுவது அதே அசற்றிக் அமிலம்தான்.

மணக்கிற பெட்டிகளை மற்றவற்றோடு திரும்பவும் ஒன்றாக அடுக்க வேண்டாம். அந்த ஆவி பக்கத்துப் பெட்டியையும் சக்கரங்களையும் பிடிக்கும். காற்றுப் போகாத பிளாஸ்டிக் டப்பாவும் கூடாது. மூடியில் துளை போட்ட காகித அட்டைப்பெட்டி, உள்ளே வெள்ளைத் தாள், ஒரு சிலிக்கா ஜெல் பை, அது நீலத்திலிருந்து நிறம் மாறினால் மாற்ற வேண்டும். இடம், பரண் கிடையாது. படுக்கையறை அலுமாரியின் நடுத்தட்டுத்தான் உங்கள் வீட்டில் சூடு ஏறி இறங்காத இடமாக இருக்கும். கடற்கரைப் பக்கத்து யன்னலோடு ஒட்டிய அலுமாரி என்றால் வேறொன்றைப் பாருங்கள். வெள்ளவத்தையில் தண்டவாளத்துப் பக்கம் இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பொலிஸ்டைரீன் பெட்டிகளை மென்மையான வைனல் உறையில் சுற்றாதீர்கள். வைனலில் இருக்கிற இளக்கி பொலிஸ்டைரீனுக்குள் இறங்கி, ஒட்டின இடமெல்லாம் உருகின மாதிரி ஆகிவிடும்.

மகன் ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். எஞ்சினும், நல்லதாக இருக்கிற பயணிகள் பெட்டியும், சாமான் பெட்டிகளும். வாழைப்பழப் பெட்டிகள் இரண்டும் அலுமாரியில் நிற்கட்டும். வளைந்த பெட்டியில் சக்கரம் எல்லாம் தண்டவாளத்தில் ஒரேயளவு பதியாது, முதல் வளைவிலேயே கவிழும். விழுந்தால் அசிடேட் சில்லாகப் போகும். தண்டவாளம் 16.5 மி.மீ. அகலம்தான், இன்றைக்குப் புதிதாக வாங்குகிற ஹோர்ன்பி கம்பனித் தண்டவாளத்துக்கும் அதே அகலம். அதனால் பழையது துருவேறியிருந்தால் புதிதாக ஒரு வட்டம் வாங்கி ஓட விடலாம்.

ஒன்றை மட்டும் மகன் கையில் கொடுக்காதீர்கள்: ரயிலோடு வந்த பழைய மின்சார மாற்றி இருந்தால், அதைச் சுவரில் செருக வேண்டாம். எங்கள் 230 வோல்ட் அதற்கு ஒத்துவரும் என்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்து வயரின் றப்பர் உறை இப்போது விரலால் தொட்டாலே உதிரும். ரயிலுக்குத் தேவை 12 வோல்ட் நேர்மின்னோட்டம். புதிய கட்டுப்படுத்தி ஒன்றை வாங்குங்கள். பழையதை வயரை வெட்டிவிட்டு, அம்மப்பாவின் பெட்டியிலேயே வையுங்கள்.